வடிதாளைத் தின்னும் சைட்டோஃபேகா: மண்ணிலிருந்து பிடித்துத் தூய்மையாக்குவது எப்படி

செல்லுலோஸைச் சிதைக்கும் பாக்டீரியா வேண்டும் என்றால் நம் ஆய்வகங்களில் முதலில் கை போவது சி.எம்.சி. அகாருக்குத்தான். கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் கலந்த தட்டில் மண் கரைசலைப் பரப்பி, இரண்டு நாள் கழித்து 0.1 சதவீதக் காங்கோ ரெட் சாயத்தைக் கால் மணி நேரம் ஊற்றி வைத்து, 1 மோலார் உப்புக் கரைசலில் கழுவினால், சிவப்புத் தட்டில் வெளிறிய வளையங்கள் தெரியும். அதில் பெரிய வளையத்தைத் தேர்ந்தெடுத்து ஆய்வேட்டில் படம் போட்டுவிடலாம். இந்த வழியில் பாசில்லஸ் கிடைக்கும், ஸ்ட்ரெப்டோமைசஸ் கிடைக்கும். செல்லுலோஸைத் தின்னும் மண் பாக்டீரியாவான சைட்டோஃபேகா மட்டும் கிடைக்காது. வளையம் போட்ட அந்த பாசில்லஸை ஒரு வடிதாள் துண்டோடு சோதனைக் குழாயில் விட்டுப் பாருங்கள். மாதம் ஒன்று போனாலும் தாள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

சி.எம்.சி. தண்ணீரில் கரையும் பொருள். சங்கிலியை நடுவில் வெட்டும் நொதி ஒன்று வெளியே கசிந்தாலே வளையம் விழுந்துவிடும். வடிதாளோ படிகக் கட்டுள்ள நார். சைட்டோஃபேகா தன் நொதிகளை வெளியே கொட்டி ஊற வைப்பதில்லை. நாரின் மேல் ஒட்டிப் படுத்து, தொட்ட இடத்தைத் தின்று, வழுக்கி அடுத்த இடத்துக்குப் போகும். நொதிகளில் பெரும்பகுதி செல்லின் மேற்பரப்பிலும் உறைக்குள்ளும்தான் இருக்கும். அதனால் வளையத்தைத் தேடினாலும், திரவத்தில் நொதியை அளந்தாலும், கரைசலில் சர்க்கரையைச் சோதித்தாலும் ஏமாற்றம்தான். தாளைப் பார்க்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு குணத்தை ஒட்டியே அமைகிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1919-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஹட்சின்சனும் கிளேட்டனும் இதைப் பிரித்தெடுத்தார்கள். நெளிந்து வளையும் மெல்லிய உருவத்தைப் பார்த்து ஸ்பைரோகீட் (சுருள் வடிவ பாக்டீரியா) வகை என்று நினைத்து, ஸ்பைரோகீட்டா சைட்டோஃபேகா என்று பெயர் வைத்தார்கள். 1929-ல் மண் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி இதைத் தனிப் பேரினமாக்கினார். ஹட்சின்சனின் பெயர் சைட்டோஃபேகா ஹட்சின்சோனி என்று இனப் பெயரில் நின்றுவிட்டது. பழைய மீன் நோய்ப் புத்தகங்களில் "சைட்டோஃபேகா கொலம்னாரிஸ்" என்று படித்திருப்பீர்கள். அது இப்போது ஃப்ளேவோபாக்டீரியம் கொலம்னேர். வழுக்கி நகரும் மஞ்சள் குச்சிகளை எல்லாம் ஒரு காலத்தில் இந்தப் பேரினத்தில் போட்டுவைத்திருந்தார்கள்; பிறகு பெரும்பாலானவை வேறு பேரினங்களுக்குப் போய்விட்டன. ஆகவே பழைய கட்டுரையில் "சைட்டோஃபேகா" என்று கண்டால் அது செல்லுலோஸ் தின்னும் மண்வாசியா, மீனின் செவுளை அழிக்கும் நீர்வாசியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் தட்டும்

மண்ணை மேல் 5 முதல் 10 செ.மீ. ஆழத்திலிருந்து எடுங்கள். வைக்கோலோ சருகோ மட்கிக்கொண்டிருக்கும் இடமாக, காற்றோட்டமுள்ள இடமாகப் பாருங்கள். நடுநிலையான மண், லேசான கார மண் இரண்டும் நல்லது. கரிசல் மண் நன்றாகக் கொடுக்கும். நீலகிரித் தேயிலைத் தோட்டம் போன்ற அமில மண்ணில் செல்லுலோஸ் வேலை பெரும்பாலும் பூஞ்சையின் கையில் இருப்பதால், அங்கே சைட்டோஃபேகாவைத் தேடுவது வீண் சிரமம். தண்ணீர் தேங்கிய சேற்று வயலும் வேண்டாம். இது ஆக்சிஜன் இல்லாமல் வாழாது. சேற்றில் அந்த வேலையைக் கிளாஸ்ட்ரிடியங்கள் செய்துகொண்டிருக்கும்.

ஊடகம் மிக எளிது. நுண்ணுயிரியலாளர் ஸ்டேனியரின் பெயரால் வழங்கும் கலவை, ஒரு லிட்டருக்கு: பொட்டாசியம் நைட்ரேட் 1 கிராம், டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், கால்சியம் குளோரைடு 0.1 கிராம், ஃபெரிக் குளோரைடு 0.02 கிராம், அகார் 15 கிராம். பி.எச். 7.2 முதல் 7.3. இதில் கார்பன் என்று எதுவும் இல்லை. அது தாளிலிருந்துதான் வர வேண்டும்.

எல்லா உப்பையும் ஒன்றாகப் போட்டு ஆட்டோகிளேவ் செய்தால் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால்), பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். இரும்பும் கூடப் போகும். கால்சியம் குளோரைடை 10 சதவீதக் கரைசலாகத் தனியே ஆட்டோகிளேவ் செய்தும், ஃபெரிக் குளோரைடை 2 சதவீதக் கரைசலாக 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தும் வைத்துக்கொண்டு, அகார் ஆறியபின் லிட்டருக்கு ஒவ்வொரு மி.லி. சேருங்கள். நைட்ரஜனுக்கு அமோனியம் உப்பு போடலாமா என்று கேட்பார்கள். வளரும், ஆனால் அமோனியம் தீரத் தீரத் தட்டு அமிலமாகும், பூஞ்சை முந்தும். நைட்ரேட்டே நல்லது.

9 செ.மீ. பெட்ரி தட்டுக்கு 20 மி.லி. ஊற்றி உறைய விடுங்கள். வடிதாளை (வாட்மன் 1-ம் எண் போதும்) தட்டைவிட ஒரு விரல்கடை குறைவான வட்டமாக வெட்டி, உறையில் சுற்றி 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து உலர்த்தி வையுங்கள். அகார் மேல் வைத்ததும் வளைந்த கண்ணாடிக் குச்சியால் நடுவிலிருந்து ஓரமாக அழுத்த வேண்டும். அடியில் காற்றுக் குமிழி நின்றால் அந்த இடம் உலர்ந்து கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். எதிர்க்கோடியும் தவறுதான்: தாளின் மேல் தண்ணீர் மினுமினுத்தால், நீந்தும் பாக்டீரியா எல்லா இடமும் பரவிவிடும். தாள் நனைந்திருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது.

மண்ணைக் கரைத்து ஊற்றாதீர்கள். தீக்குச்சித் தலை அளவு மண் பொடிகளை, தட்டுக்கு 10 முதல் 15 வரை, இடைவெளி விட்டு வையுங்கள். ஒவ்வொரு பொடியும் ஒரு தனி மூலம். பூஞ்சை பிடித்த பொடியைத் தள்ளிவிட்டு மற்றதிலிருந்து எடுக்கலாம். கரைசலாக ஊற்றினால் அந்த வசதி போய்விடும்.

30 டிகிரி இன்குபேட்டர் வேண்டும். சித்திரை, வைகாசியில் சென்னையில் "அறை வெப்பநிலை" என்று மேசையில் வைத்தால் அது 36, 38 ஆகிவிடும், மற்றவை முந்திக்கொள்ளும். பத்து நாள் வைக்கும் தட்டு என்பதால் உலராமல் உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். தட்டுகளை பாலித்தீன் உறையில் தளர்வாக மடித்து வைக்கலாம். இறுக்கிக் கட்டினால் காற்று போதாது.

பூஞ்சைத் தொல்லைக்கு சைக்ளோஹெக்ஸிமைட் லிட்டருக்கு 50 மி.கி. அகார் 50 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு சேருங்கள். கார ஊடகத்தில் இது சீக்கிரம் சிதையும் என்பதால் பழைய தட்டில் பலன் குறையும். மனிதருக்கும் நஞ்சு. பொடியை எடைபோடும்போது கையுறையும் முகமூடியும் அணிய வேண்டும். முதல் இரண்டு மாற்றத்துக்கு மட்டும் இது இருந்தால் போதும்.

எது சைட்டோஃபேகா, எது இல்லை

நான்கைந்து நாளில் சில பொடிகளைச் சுற்றி மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் பசபசவென்று ஒரு வட்டம் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே தட்டைப் பிடித்தால் அந்த இடம் எண்ணெய் பட்ட காகிதம்போல் ஊடுருவித் தெரியும். ஊசியால் தொட்டால் நார் எழாது, சளிபோல் இழுபடும். ஏழு, எட்டு நாளில் தாளில் ஓட்டையே விழும்.

மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பி எடுத்தால் ஏமாறுவீர்கள். கீட்டோமியம் பூஞ்சையும் தாளை மஞ்சளாக்கும்; அதில் சில நாளில் சாம்பல் பச்சை நிறத்தில் முடி முளைத்த புள்ளிகள் வரும். ட்ரைக்கோடெர்மா பச்சை, ஸ்டாக்கிபோட்ரிஸ் கறுப்பு, இவை எளிது. செல்விப்ரியோவும் தாளைத் தின்னும். நுண்ணோக்கியில் அது நீந்தும் என்பதால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சோராஞ்சியம் செல்லுலோசம் என்ற மிக்ஸோபாக்டீரியா மெதுவானது: இரண்டு முதல் நான்கு வாரத்தில், ஆரஞ்சோ பழுப்போ ஆன பரப்பில் குண்டூசித் தலையைவிடச் சிறிய கனியுடல்கள் திரளும். அதன் செல்கள் தடித்து, இரு முனையும் மழுங்கி, விறைப்பாக இருக்கும். சைட்டோஃபேகா மெலிந்தது, வளையும்.

நுண்ணோக்கி இல்லாமல் இந்த வேலை நடக்காது. வட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு சிறு நாரை ஒரு சொட்டு உப்புக் கரைசலில் வைத்து, கண்ணாடி மூடி போட்டு, சாயமில்லாமலே செல்லைக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பாருங்கள். அது இல்லையென்றால் நீர்த்த கிரிஸ்டல் வயலட்டால் சாயமேற்றலாம். கிராம் சாயத்தில் இவை கிராம் நெகட்டிவ், சாஃப்ரனினைக்கூட மங்கலாகத்தான் பிடிக்கும். 0.3 முதல் 0.5 மைக்ரோமீட்டர் தடிமனில், 2 முதல் 10 மைக்ரோமீட்டர் நீளத்தில் மெல்லிய குச்சிகள் தெரிய வேண்டும். அவை நாரின் மேல் குறுக்கே நெடுக்கே கிடக்காமல், நாரின் இழையோட்டத்தை ஒட்டி இணையிணையாகப் படுத்திருக்கும். இந்த வரிசை தெரிந்தால் பாதி அடையாளம் முடிந்தது.

நகர்வைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நீரில் மிதக்கும் செல் நகராது, சும்மா நடுங்கும். அது பிரவுன் அசைவு. கண்ணாடியிலோ நாரிலோ ஒட்டியிருக்கும் செல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது கண்ணை எடுக்காமல் பாருங்கள். நீளவாக்கில் மெல்ல நழுவும், நிற்கும், திரும்பும். சவுக்கிழை எதுவும் கிடையாது. இந்த நகர்வின் இயக்கம் உறவுக்கார ஃப்ளேவோபாக்டீரியம் ஜான்சோனியேயில்தான் நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது: செல் சவ்வில் புரோட்டான் ஓட்டத்தால் இயங்கும் மோட்டார்கள், மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களைச் சுருள் பாதையில் இழுத்துச் செல்கின்றன. ஒட்டிய புரதம் தரையைப் பிடித்துக்கொள்ள, செல் முன்னே போகிறது.

நிறமிக்கு ஒரு சுலபச் சோதனை உண்டு. மஞ்சள் திரளைக் கண்ணாடியில் எடுத்து 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ மாறி, அமிலம் விட்டதும் மீண்டும் மஞ்சளானால் ஃப்ளெக்ஸிரூபின் வகை நிறமி. வேறு பல மஞ்சள் பாக்டீரியாவிலும் இது உண்டு என்பதால் தாளும் நுண்ணோக்கியும் சொன்னதை உறுதிப்படுத்தத்தான் உதவும். கடைசி வார்த்தை, பாக்டீரியாவை இனம்காணப் பயன்படும் 16எஸ் மரபணு வரிசைக்குத்தான்.

தூய்மையாக்கல்: அவசரம் ஆகாது

மஞ்சள் வட்டத்தின் நடுவில் எடுத்தால் குப்பைதான் வரும். தின்று முடித்த இடத்தில் சிந்திய சர்க்கரையிலும் இறந்த செல்களிலும் வயிறு வளர்க்கும் துணை பாக்டீரியா, அவற்றைத் தின்னும் அமீபா எல்லாம் அங்கே கூடியிருக்கும். வட்டத்தின் வெளி விளிம்பில், வெள்ளைத் தாளும் மஞ்சளும் சேருமிடத்தில், மூன்றாம் நான்காம் நாளிலேயே ஓரிரு நாரை எடுங்கள். 5 மி.லி. கிருமிநீக்கிய உப்புக் கரைசலில் சுழற்றிக் கழுவி, நாரை மட்டும் புதுத் தாள் தட்டுக்கு மாற்றுங்கள். ஒட்டாதது கழுவலில் போகும், ஒட்டியது நாரோடு வரும். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் கூட்டம் வெகுவாகக் குறையும்.

அதன்பின் தனித்தனிக் கூட்டமாக (காலனியாக) பிரிக்க இரண்டடுக்குத் தட்டு. கீழே 15 மி.லி. ஸ்டேனியர் அகார், மேலே 5 மி.லி., அதே உப்போடு 1 சதவீத அகாரும் 0.5 சதவீத நுண்படிகச் செல்லுலோஸ் பொடியும். பொடி சட்டென்று அடியில் தங்கும். ஒவ்வொரு தட்டுக்கும் குடுவையைச் சுழற்றி ஊற்றாவிட்டால் முதல் தட்டு தண்ணீராகவும் கடைசித் தட்டு சுண்ணாம்பாகவும் இருக்கும். கழுவிய நாரைக் கண்ணாடி மணிகளோடு குலுக்கிப் பிரித்து, பத்தில் ஒன்று தொடங்கிப் பத்து லட்சத்தில் ஒன்றுவரை நீர்த்துப் பரப்புங்கள். பத்து முதல் பதினான்கு நாளில் வெண்மையான பரப்பில் சிறு பள்ளமாக, ஊடுருவித் தெரியும் புள்ளிகள் வரும். தெளிவு கூட்டத்தின் எல்லையோடு நின்றுவிடும். கூட்டத்தைத் தாண்டி அகலமான தெளிவு வளையம் விழுந்தால் நொதியை வெளியே விடும் வேறு எதையோ பார்க்கிறீர்கள்.

இவ்வளவு நாள் காத்திருக்கும் தட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் புகுந்து, ஒரு தட்டின் பூஞ்சையை மற்றொன்றுக்குச் சுமந்து போகும். பூஞ்சைத் தட்டுகளை அதே இன்குபேட்டரில் சேர்த்து வைக்காதீர்கள்.

தூய்மைச் சோதனைக்கு சாதாரண நியூட்ரியன்ட் அகாரில் கீறுங்கள். மண்ணிலிருந்து புதிதாகப் பிடித்த சைட்டோஃபேகா அந்தச் செழிப்பான ஊடகத்தில் பெரும்பாலும் வளராது. ஒரே நாளில் பளபளவென்று கூட்டம் எழுந்தால் அது துணைக்காரன். மறுபடி கழுவலுக்குப் போக வேண்டியதுதான்.

குளுக்கோஸில் வளர்க்கப் பார்த்துத் தோற்றவர்கள் பலர். இந்தப் பாக்டீரியாவுக்குச் செல்லுலோஸ் தவிர வேறு எதுவும் ஆகாது என்றே முன்பு நம்பினார்கள். 1940-களில் ஸ்டேனியர் சிக்கலை அவிழ்த்தார்: சர்க்கரையை ஊடகத்தோடு சேர்த்து ஆட்டோகிளேவ் செய்யும்போது உண்டாகும் சிதைவுப் பொருள்கள்தான் வளர்ச்சியைத் தடுத்தன. வடிகட்டிக் கிருமி நீக்கிய குளுக்கோஸிலும், இரு குளுக்கோஸ் இணைந்த செல்லோபயோஸிலும் அது வளர்ந்தது. குளுக்கோஸை 20 சதவீதக் கரைசலாக 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஆறிய ஊடகத்தில் சேருங்கள். ஆட்டோகிளேவில் லேசாக மஞ்சள் தட்டிய குளுக்கோஸைத் தயங்காமல் கொட்டிவிடலாம். தூய வகைகளுக்கு இன்று பயன்படும் பி.ஒய்.6 ஊடகம் லிட்டருக்கு பெப்டோன் 6 கிராம், ஈஸ்ட் சாறு 0.5 கிராம், குளுக்கோஸ் 4 கிராம், பி.எச். 7.3. இதில் ஹட்சின்சோனி நன்றாக வளரும்.

காத்து வைப்பதும் அளப்பதும்

பழைய வளர்ப்பில் செல்கள் உருண்டையாக ஊதிக் கிடப்பதைப் பார்த்து "சிஸ்ட் வந்துவிட்டது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. சைட்டோஃபேகாவுக்கு ஓய்வுநிலைச் செல் கிடையாது. அவை உறை தளர்ந்து செத்துக்கொண்டிருக்கும் செல்கள். புதுத் தாளில் வைத்தால் எழாது. உண்மையான நுண்சிஸ்ட் உருவாக்குவது ஸ்போரோசைட்டோஃபேகா மிக்ஸோகாக்காய்டிஸ். ஸ்டேனியர் 1940-ல் அதைத் தனிப் பேரினமாக்கினார். அதன் சிஸ்டுகள் ஒளியைப் பளிச்சென்று சிதறடிக்கும், உலர்ந்த தாளில் நெடுநாள் உயிரோடிருக்கும், புதுத் தாளில் மீண்டும் குச்சியாக முளைக்கும். ஆகவே ஸ்போரோசைட்டோஃபேகாவை உலர்ந்த தாளாகவே பெட்டியில் வைக்கலாம். சைட்டோஃபேகாவை அப்படி வைத்தால் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுத் தாளுக்கு மாற்றுங்கள். நெடுங்காலத்துக்கு, வளரும் பருவத்திலேயே எடுத்து 15 முதல் 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் போடுங்கள்.

அளவீட்டில்தான் ஆய்வேடுகள் அதிகம் சறுக்குகின்றன. வளர்ப்புத் திரவத்தில் டி.என்.எஸ். (டைநைட்ரோசாலிசிலிக் அமில) முறையில் சர்க்கரை அளந்தால் எண் ஏறக்குறைய பூஜ்யம் வரும். தாள் கண்முன் கரைந்துகொண்டிருக்கும்போதே இப்படி வரும். வெட்டிய துண்டுகளைச் செல் உடனே உள்ளிழுத்துக்கொள்வதால் வெளியே சேருவதில்லை. "நொதிச் செயல்பாடு குறைவு" என்று இதற்கு முடிவெழுதுவது தவறு. 2007-ல் ஹட்சின்சோனியின் சுமார் 44 லட்சம் எழுத்து மரபணுத் தொகுப்பை வாசித்தபோது, பூஞ்சைகளில் இன்றியமையாததாகக் கருதப்படும், சங்கிலியை முனையிலிருந்து வெட்டும் செல்லோபயோஹைட்ரோலேஸ் வகை நொதியே அதில் தென்படவில்லை. பூஞ்சைக்காக வகுத்த நொதிச் சோதனைகளை இதன்மேல் ஏற்றினால் சரிவராது.

தாளின் எடைக் குறைவை அளக்கலாம், ஆனால் மிச்சத் தாளில் செல்கள் அப்பிக்கொண்டிருப்பதால் எடை கூடுதலாகக் காட்டும். அசெட்டிக் அமிலம், தண்ணீர், நைட்ரிக் அமிலம் 8:2:1 கலவையில் (அப்டிகிராஃப் கரைசல்) கொதிநீர்த் தொட்டியில் 30 நிமிடம் வைத்தால் செல்லுலோஸ் தவிர மற்றது கரைந்துபோகும். தண்ணீரில் கழுவி உலர்த்தி எடை போடுங்கள், அல்லது சர்க்கரையோடு நிறம் தரும் ஆந்த்ரோன் வேதிப்பொருளால் அளங்கள். அமில வேலையைப் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள்.

எளிய பார்வைக்கு, 10 மி.லி. ஸ்டேனியர் திரவத்தில் 1 செ.மீ. அகலத் தாள் பட்டையைப் பாதி வெளியே நீட்டும்படி வைத்து அதில் பாக்டீரியாவை இடுங்கள். நீர்மட்டத்தில் ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைப்பதால் அங்கேதான் முதலில் மஞ்சள் படிந்து, தாள் இற்று விழும். முழுக்க மூழ்கிய தாளில் இதே வேலை பல நாள் இழுக்கும்.

இந்தப் பாக்டீரியாவைப் புட்டியில் அடைத்து வைக்கோல் மேல் தெளிக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். தேவையில்லை என்பதுதான் எங்கள் கருத்து. நல்ல மண்ணில் அது ஏற்கெனவே இருக்கிறது, குறைவது நைட்ரஜன். ஹட்சின்சனே ரிச்சர்ட்ஸுடன் சேர்ந்து 1921-ல் ராதம்ஸ்டெட்டில் கண்டது, உலர்ந்த வைக்கோல் 100 பங்குக்கு 0.7 முதல் 0.75 பங்கு நைட்ரஜன் இருந்தால் தொழுஉரம்போல் மட்கும் என்பது. 46 சதவீத யூரியாவில் கணக்குப் போட்டால் 100 கிலோ வைக்கோலுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ. தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளியுங்கள், ஒரே இடத்தில் கொட்டினால் அம்மோனியாவாகப் பறக்கும். தண்ணீர் ஓடி வழியும் அளவுக்கு நனைத்தால் காற்று போய் நாற்றம் வரும். குவியலின் நடு 50, 60 டிகிரி ஏறும்போது அங்கே சைட்டோஃபேகாவுக்கு இடமில்லை. வெப்பம் விரும்பிகள்தான் வேலை செய்யும். ஓரங்களிலும், சூடு தணிந்தபின் உள்ளேயும்தான் அதைத் தேட வேண்டும். தட்டில் வைக்க மாதிரி எடுப்பதானால் அப்போது எடுங்கள்.